சாப்பா, புறா, வடக்கயிறு: திரைக்கதை எழுத விரும்பும் நம் பிள்ளைகளுக்கு

"பிளஸ் டூ முடித்ததும் என்ன படிக்கப் போகிறாய்?" என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், ஒரு காலத்தில் பொறியியல், மருத்துவம், பேங்க் பரீட்சை என்று மூன்று பதில்கள்தான் வரும். இப்போது நான்காவதாக ஒரு பதிலும் அடிக்கடி காதில் விழுகிறது. "சினிமா எடுக்கணும்." இதைக் கேட்டதும் அப்பா செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். அம்மா அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று எழுந்து போய்விடுவார். பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளத்தின் அருமை தெரியும் என்பதால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் பிள்ளையின் பக்கத்திலும் ஒரு கஷ்டம் உண்டு. ஆசை இருக்கிறது, கையில் கேமரா உள்ள போன் இருக்கிறது, கதை மட்டும் வருவதில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போன வாரம் பார்த்த படத்தின் சண்டைக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த பையன் மதுரையில் அரிவாளோடு ஓடுகிறவனைப் பற்றி எழுதுகிறான். மதுரைக்கு அவன் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் மீனாட்சி கோயிலுக்கு. இப்படி எழுதியதைப் படிக்கும் எவருக்கும் இரண்டாம் பக்கத்திலேயே அலுத்துவிடும். எழுதியவனுக்கே அலுத்துவிடுகிறது என்பதுதான் வருத்தத்துக்குரிய விஷயம். "எனக்குத் திறமை இல்லை போலிருக்கிறது" என்று நோட்டை மூடிவிடுகிறான்.

திறமை இருக்கிறதா என்பது பிறகு தெரியவரும். முதலில் எங்கே தேடுவது என்று பார்ப்போம். அதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டாம். மட்டாஞ்சேரியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வேர்விட்ட மூன்று மலையாளப் படங்களே போதும். மூன்றையும் நம்மில் பலர் பார்த்திருப்போம். இந்தத் தடவை எழுதுகிறவனின் கண்ணால் பார்ப்போம்.

கையில் அடங்கும் ஒரு வில்லை

நம் தாத்தாக்கள் காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் கூலி வேலை கிடைத்த விதம் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விடிவதற்கு முன்பே நூற்றுக்கணக்கானவர்கள் வந்து கூடுவார்கள். கங்காணி வேலை பார்த்த மூப்பனின் ஆட்கள் 'சாப்பா' எனப்படும் உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசி எறிவார்கள். யார் கையில் சாப்பா அகப்படுகிறதோ அவருக்கு அன்று வேலை. மற்றவர் வெறுங்கையோடு வீடு திரும்பவேண்டும். ஒரு வில்லைக்காகப் பக்கத்து வீட்டுக்காரனையே மிதித்துத் தள்ளியாக வேண்டிய நிலை. இந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, சைதலவி, ஆன்றணி ஆகிய மூவரையும் மட்டாஞ்சேரித் தியாகிகள் என்று இன்றும் இங்கே நினைவுகூர்கிறார்கள்.

கே.எம். சிதம்பரன் இந்த வரலாற்றை 1968-ல் 'துறமுகம்' என்ற பெயரில் நாடகமாக எழுதினார். பல ஆண்டுகள் கழித்து அவருடைய மகன் கோபன் சிதம்பரன் அதே நாடகத்தைத் திரைக்கதையாக்கினார். ராஜீவ் ரவி இயக்கி, நிவின் பாலி நடித்த அந்தப் படம் 2023 மார்ச்சில் திரைக்கு வந்தது.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். "தொழிலாளர் படும் துன்பம்" என்று தலைப்புக் கொடுத்து ஒரு காட்சி எழுதச் சொன்னால் புதிதாக எழுத வருகிறவர் என்ன செய்வார்? ஒரு கிழவரை மேடையில் ஏற்றி ஐந்து நிமிடம் பேசவைப்பார். வறுமை, சுரண்டல், ஒற்றுமை எல்லாம் அந்தப் பேச்சில் வந்துவிடும். தியேட்டரில் இருப்பவர் அந்த நேரத்தில் கடலை வாங்கப் போய்விடுவார். சாப்பாவைக் காட்டிவிட்டால் பேச்சே தேவையில்லை. ஒரு கை வில்லையை வீசுகிறது. நூறு கைகள் மேலே எழுகின்றன. கீழே விழுந்தவன் விரல்மேல் இன்னொருவன் கால். அரை நிமிடத்தில் வறுமையும் சுரண்டலும், ஏன் ஒற்றுமை வரவில்லை என்பதும் ஒருசேர விளங்கிவிடுகின்றன.

கதை தேடுகிறவர் இப்படிப்பட்ட ஒரு பொருளைத்தான் முதலில் தேடவேண்டும் என்பது என் கருத்து. அது கையில் எடுத்துக் காட்டக்கூடியதாக இருக்கவேண்டும். அது பலருக்கும் வேண்டும், ஆனால் எல்லோருக்கும் கிடைக்கக்கூடாது. 'அநீதி', 'பாசம்', 'ஏக்கம்' என்று தொடங்கினால் கேமராவை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுவோம். ரேஷன் கார்டு, வீட்டுச் சாவி, அடகுக் கடைச் சீட்டு, பாட்டியின் ஒற்றைத் தோடு என்று தொடங்கினால் கேமரா தானே போய் அதன் முன்னால் நின்றுகொள்ளும். வீட்டில் இருக்கும் பீரோவைத் திறந்து பாருங்கள். அதில் குறைந்தது இரண்டு கதைகளாவது மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

சொன்னபடி கேட்காத பறவை

இரண்டாவது படம் 'பறவ'. ஃபோர்ட் கொச்சிக்காரரான சௌபின் ஷாஹிர் இயக்கி 2017-ல் வெளிவந்தது. முனீர் அலியோடு சேர்ந்து அவரே எழுதிய கதை. மட்டாஞ்சேரிச் சிறுவர்கள் இருவர், அவர்கள் மாடியில் வளர்க்கும் புறாக்கள், வரப்போகும் புறாப் பந்தயம். யாருடைய புறா அதிக நேரம் வானத்தில் நிற்கிறதோ அவருக்கு வெற்றி. நம் தெருக்களின் மொட்டை மாடிகளில் கூண்டுகளையும் அண்ணாந்து பார்த்து நிற்கும் பையன்களையும் நாமும் எத்தனையோ தடவை கண்டிருக்கிறோம். கண்டுவிட்டு, "படிக்கிற வயசில் புறா என்னடா புறா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். நாம் திட்டிவிட்டு வந்த இடத்தில் சௌபின் கதையைப் பார்த்திருக்கிறார்.

புறாவை நடிக்கச் சொல்ல முடியாது. 'ஆக்‌ஷன்' என்றால் அது பறக்காது, 'கட்' என்றால் இறங்காது. அதை வைத்துப் படமெடுக்கத் துணிவதே பெரிய சவால். ஆனால் அந்தச் சிரமத்திலிருந்துதான் படத்தின் அழகு வருகிறது. புறா எப்போது இறங்கும் என்று தெரியாமல் பையன்கள் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும்போது நாமும் அவர்களோடு காத்திருக்கிறோம்.

சென்னைப் புறாப் பந்தயம் தமிழில் 2015-ல் வந்த 'மாரி'யிலும் உண்டு. பார்ப்பதற்கு ஜாலியான படம்தான். ஆனால் அதில் புறா கதாநாயகனுக்குப் போட்ட அலங்காரம் போல நின்றுவிடுகிறது. 'பறவ'யிலோ புறா இல்லாவிட்டால் அந்தப் பையன்களே இல்லை. இந்த விதத்தில் 'பறவ'க்கு நெருங்கிய தமிழ் உறவு வெற்றிமாறனின் 'ஆடுகளம்' (2011). மதுரைச் சேவற்சண்டையை அவர் வெளியிலிருந்து வேடிக்கை பார்க்கவில்லை. சேவலை வளர்க்கும் முறை, ஜாதிச் சேவலைக் கண்டுபிடிக்கும் பார்வை, களத்தின் சட்டம் எல்லாம் கதைக்குள்ளேயே வருகின்றன. அந்தப் படத்துக்காகத் தனுஷுக்குக் கிடைத்த தேசிய விருதை அந்த ஆண்டு பங்கிட்டுக்கொண்டவர் நம் பக்கத்து வடக்குப் பறவூர்க்காரரான சலீம் குமார் என்பது கொச்சித் தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்றும் இங்கே உண்டு. சௌபின் உதவி இயக்குநராக வேலை செய்யத் தொடங்கியது 2003-ல், சித்திக்கின் 'க்ரோணிக் பேச்சலர்' படத்தில். முதல் படத்தை இயக்கியது 2017-ல். இடையில் பதினான்கு ஆண்டுகள். இத்தனைக்கும் அவருடைய தந்தையாரும் சினிமாத் தொழிலில் இருந்தவர்தான். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவேண்டாம். கையில் ஒரு படிப்பும் ஒரு வருமானமும் இருந்தால் பதினான்கு ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்கலாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கயிற்றை முன்பே காட்டியவர்கள்

மூன்றாவது படத்தை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. 2024 பிப்ரவரியில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டில் டப்பிங் இல்லாமலேயே தியேட்டர்களை நிறைத்தது. ஊரிலிருந்து நம் சொந்தக்காரர்கள் போன் செய்து, "மஞ்ஞும்மல் உங்க வீட்டுக்குப் பக்கமா?" என்று விசாரித்தார்கள்! ஏலூருக்குப் பக்கத்திலுள்ள மஞ்ஞும்மலிலிருந்து 2006-ல் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன நண்பர்களில் ஒருவர் குணா குகைப் பகுதியிலுள்ள ஆழமான பிளவுக்குள் விழுந்துவிட, நண்பர்களில் இன்னொருவர் கயிற்றில் இறங்கி அவரை மீட்ட உண்மைச் சம்பவம். இயக்குநர் சிதம்பரம்.

இந்தத் திரைக்கதையில் எழுதப் பழகுகிறவர் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் வடக்கயிறு. படத்தின் தொடக்கத்தில் இந்த நண்பர்கள் வடம் இழுக்கும் போட்டியில் இறங்குகிறார்கள். கல்யாண வீட்டுக் கலாட்டா போலத் தோன்றும் காட்சி. நாமும் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கடைசியில் குகையின் வாயில் நின்று அதே நண்பர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது, முதல் காட்சி எதற்காக வந்தது என்று உடம்பு முழுக்கத் தெரிகிறது. அந்தப் போட்டியை அங்கே காட்டாமல் விட்டிருந்தால் முடிவில் கயிறு வெறும் கயிறாகவே இருந்திருக்கும். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு இது புரியும். அறுக்கப் போவதை முன்னமே விதைத்திருக்க வேண்டும், விதைக்கும்போது யாரும் கவனிக்கக்கூடாது.

அடுத்தது, படமாக்க முடியாததை எப்படிப் படமாக்குவது என்ற கேள்வி. அந்தக் குகைக்குள் ஒரு படக்குழு இறங்கி வேலை செய்ய முடியாது. கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி குகையின் உட்புறத்தைப் பெரும்பாவூரில் ஒரு கிடங்குக்குள் செட்டாக அமைத்தார். ஈரமும் சேறும் இருட்டும் கண்ணுக்கு நிஜமாகவே படுகின்றன. இந்த மாதிரிப் பிடிவாதம் கொச்சிக்குப் புதிதல்ல. 1984-ல் காக்கநாட்டு நவோதயா நிறுவனம் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படத்தை எடுத்தது. அதில் பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் பாட்டு நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டர் வித்தை இல்லாத காலம் அது. ஒரு அறையையே இரும்புச் சட்டத்துக்குள் கட்டி, ராட்டினம் போலச் சுழலவைத்தார்கள். கேமராவை அறையோடு சேர்த்து இறுக்கிவிட்டார்கள். பிள்ளைகள் எப்போதும் கீழே இருக்கும் பக்கத்தில்தான் நடந்தார்கள். அறையோடு கேமராவும் சுழன்றதால் திரையில் அறை அசையாமல் நின்றது, பிள்ளைகள் சுவரேறிப் போனார்கள். இயக்கிய ஜிஜோ அப்போது இளைஞர். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இதை எப்படி எடுத்திருப்பார்கள், சொல் பார்க்கலாம்" என்று கேளுங்கள். விடையைவிட அந்த யோசனைக்குத்தான் மதிப்பு.

மூன்றாவதாக, பாட்டு. கமல்ஹாசனின் 'குணா' 1991-ல் வந்தது. இயக்கியவர் சந்தான பாரதி, வசனம் பாலகுமாரன், இசை இளையராஜா. திரைக்கதை எழுதிய சாப் ஜானும் ஒளிப்பதிவு செய்த வேணுவும் மலையாளிகள். அந்தப் படத்தில் காதலுக்காகப் பிறந்த ஒரு பாட்டை, முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து மலையாளப் பையன்கள் நட்புக்காக எடுத்துக்கொண்டார்கள். பாட்டில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை, அது வருகிற இடத்தை மாற்றினார்கள். பொருளே மாறிவிட்டது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால்தான் கலைஞன் என்று எண்ணி ஏங்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டவேண்டும்.

ஆனால் நம்மைப் பொறுத்தவரை அந்தப் படத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறொன்று. அங்கே தமிழர் தமிழிலேயே பேசுகிறார்கள், மலையாளிகள் மலையாளத்திலேயே பேசுகிறார்கள். நண்பன் பள்ளத்துக்குள் கிடக்கிறான். மேலே நிற்பவர்கள் தட்டுத் தடுமாறித் தமிழில் போலீஸ்காரரிடம் கெஞ்சுகிறார்கள். அவர்கள் சொல்வது சரியாகப் போய்ச் சேரவில்லை. மொழி தெரியாததே ஒரு ஆபத்தாகி நிற்கிறது.

இந்த இடத்தில் நமக்குச் சுருக்கென்று ஒன்று தைக்கவேண்டும். இரண்டு மொழிகளுக்கு நடுவே நிற்பது நமக்கு அன்றாட வாழ்க்கை அல்லவா?

மொழிபெயர்க்கும் பிள்ளை

நம் வீடுகளில் வளரும் ஒவ்வொரு பிள்ளையும் எட்டு, ஒன்பது வயதிலேயே ஒரு வேலைக்கு அமர்த்தப்பட்டுவிடுகிறது. சம்பளமில்லாத வேலை. ஊரிலிருந்து வந்த பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் டாக்டர் மலையாளத்தில் சொல்வதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்வது, தாலுகா ஆபீஸ் பாரத்தை வாசித்துக் காட்டுவது, வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரிடம் அப்பாவுக்குப் பதிலாகப் பேசுவது. இப்படிச் செய்யும் பிள்ளை கேட்டதையெல்லாம் அப்படியே சொல்லிவிடுவதில்லை. சிலதை மறைக்கும், சிலதை மெத்தென்று ஆக்கிச் சொல்லும். டாக்டர் சொன்னது ஒன்று, பாட்டி காதுக்குப் போனது ஒன்று. நடுவில் என்ன நடந்தது என்பது அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரியும். இதைவிடப் பெரிய நாடகத்தைக் கோடம்பாக்கத்தில் போய்த் தேடவேண்டியதில்லை.

ஒரு காட்சியை எழுதிப் பார்ப்போம். ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபிக்கானாவை எல்லோரும் அறிவோம். டச்சுக்காரர் காலத்தில் பட்டாள உடுப்புகளைத் துவைப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று அங்குள்ள சலவைத் தொழிலாளர்கள் சொல்வார்கள். இப்போதுள்ள சலவைக்கூடம் கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976-ல் கட்டிக் கொடுத்தது. தனித்தனித் துவைகல் தொட்டிகள், வெயிலில் நீளநீளமான கயிறுகள். இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிவிடுவார்கள். கிளிப்பே வேண்டாம். கஞ்சிக்குச் சோற்று வடிநீர். பின்வரும் காட்சியும் மனிதர்களும் கற்பனை.

காட்சி 1. வெளி. சலவைக்கூடம். அதிகாலை.
எழுபது வயது மதிக்கத்தக்க தாத்தா ஓட்டல் படுக்கை விரிப்புகளை எண்ணுகிறார். உதடு மட்டும் அசைகிறது. நாற்பதில் நிற்கிறது. கீழே விழுந்திருக்குமோ என்று திண்ணைக்கடியில் குனிந்து பார்க்கிறார். ஒன்றுமில்லை. பக்கத்தில் மூன்று கயிறுகள் துணியில்லாமல் காலியாக ஆடுகின்றன.

காட்சி 2. உள். இஸ்திரி போடும் கூடம். காலை.
பள்ளிச் சீருடையில் பேத்தி, வயது பதின்மூன்று. தாத்தாவின் போன் அடிக்கிறது. தாத்தா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே அவளிடம் எடுக்கச் சொல்லிக் கண்காட்டுகிறார்.
போனில் ஓட்டல்காரர்: "அடுத்த ஆழ்ச்ச முதல் வேண்டா மோளே. மெஷீன் வாங்கிச்சு. அப்பூப்பனோடு பறஞ்ஞேக்கு."
பேத்தி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.
தாத்தா: "யாரும்மா?"
பேத்தி: "ஓட்டல்ல இருந்துதான் தாத்தா. வெள்ளைத் துணியில கறை நிக்குதாம். பார்த்துத் துவைக்கச் சொல்றாங்க."
தாத்தா இஸ்திரிப் பெட்டியை நிறுத்துகிறார். விரிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். கறையே இல்லை. திருப்பிப் பார்க்கிறார்.

இவ்வளவுதான். இதில் ஒருவரும் அழவில்லை, தத்துவம் பேசவில்லை. ஆனால் இல்லாத கறையைத் தாத்தா தேடும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். பேத்தி காப்பாற்றத்தான் நினைத்தாள். ஐம்பது வருடம் வெள்ளை வெளுத்த மனிதரின் கைத்தொழிலில் குறை இருப்பதாகச் சொல்லிவிட்டாள். இனி உண்மையைச் சொன்னாலும் வலி, சொல்லாவிட்டாலும் வலி. அடுத்த வாரம் வந்தே தீரும். மூன்றாவது காட்சியை எழுத வேண்டியவர் நீங்கள்.

எழுதும்போது சில வழக்கங்களைக் கவனத்தில் கொள்ளவேண்டும். காட்சியின் தலையில் வெளியா உள்ளா, எந்த இடம், என்ன நேரம் என்று குறிக்கவேண்டும். நடப்பதை நிகழ்காலத்தில் எழுதவேண்டும். கண்ணால் காண்பதையும் காதால் கேட்பதையும் மட்டும் எழுதவேண்டும். "தாத்தா மனம் உடைந்து போனார்" என்று எழுதினால் கேமராமேன் எதைப் படம் பிடிப்பார்? "திருப்பிப் பார்க்கிறார்" என்றால் பிடித்துவிடுவார். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது இத்தொழிலில் உள்ள கணக்கு.

இந்தக் காட்சியில் ஒரு சிக்கலை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். கொச்சியில் இருக்கும் நமக்கு இரண்டு மொழியும் தெரியும், பேத்தி மாற்றிச் சொன்னது உடனே பிடிபடும். திருநெல்வேலியில் பார்ப்பவருக்கு மலையாளம் தெரியாது. கண்ணூரில் பார்ப்பவருக்குத் தமிழ் அரைகுறை. எழுத்துப் போட்டால் எல்லோருக்கும் புரியும், ஆனால் அதோடு ரகசியமும் போய்விடும். எழுத்துப் போடாமல், அவள் பொய் சொன்னாள் என்பதைப் படத்தாலேயே காட்ட வழி உண்டா? போன் கட்டான பிறகும் அவள் காதிலிருந்து எடுக்காமல் நிற்பது ஒரு முயற்சி. இதைவிட நல்ல வழி உங்களில் யாருக்காவது தோன்றும். ஒரு மாலை முழுவதும் இதையே யோசித்தால்கூட நேரம் வீணாகாது. உத்வேகம் என்பது பெரும்பாலும் இப்படி ஒரு முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்த பிறகுதான் வருகிறது. அது வந்த பின் உட்காரலாம் என்று இருந்தவர்கள் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு முன்னோடிகளும் இருக்கிறார்கள். மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் 1939-ல் பிறந்த பாலு மகேந்திரா, சிறுவனாக இருந்தபோது இலங்கையில் டேவிட் லீன் படமெடுப்பதைப் பார்த்ததிலிருந்தே சினிமாப் பித்துப் பிடித்ததாகச் சொல்லியிருக்கிறார். புனேயில் ஒளிப்பதிவு படித்து முடித்த அந்தத் தமிழருக்குத் தொழில் வாசல் திறந்தது மலையாளத்தில், ராமு காரியாட்டின் 'நெல்லு' (1974) படத்தில். பிற்பாடுதான் 'மூன்றாம் பிறை', 'வீடு' எல்லாம். எதிர்த்திசையில் நடந்தவர் ஜான் ஆபிரகாம். மலையாளியான அவர் வெங்கட் சாமிநாதனின் கதையை வைத்து 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) என்ற தமிழ்ப் படத்தை எடுத்தார். அவருடைய 'அம்ம அறியான்' (1986) படத்துக்குத் தயாரிப்பாளரே கிடையாது. ஒடேசா என்ற குழு ஊர் ஊராகப் போய்ச் சாப்ளின் படத்தைத் திரையிட்டு, மக்களிடமே காசு சேர்த்து எடுத்தார்கள். வயநாட்டிலிருந்து புறப்படும் அந்தப் படத்தின் பயணம் வந்து சேரும் ஊர் நம் கொச்சிதான்.

பாலு மகேந்திரா தன் உதவியாளர்களை ஓயாமல் சிறுகதை படிக்கவைத்தார் என்று அவரிடம் பயின்றவர்கள் சொல்வதுண்டு. சன் டிவியில் 'கதை நேரம்' என்ற வரிசையில் தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக அவரே எடுத்தும் காட்டினார். இந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தடை உண்டு. பலருக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. வசனத்தை மலையாள எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிக்கொள்கிறார்கள். எழுதுவதற்கு அது பரவாயில்லை, காதில் விழுந்தது தாளில் வந்தால் சரி. ஆனால் புதுமைப்பித்தனையும் கி. ராஜநாராயணனையும் அசோகமித்திரனையும் அப்படிப் படிக்க முடியாதே. பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லாவிட்டாலும் ஆறு மாதம் முயன்றால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். பரீட்சைக்காகப் படிக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளை, "இதில் உனக்குப் படமாகக்கூடிய கதை இருக்கிறது" என்றால் படிக்கும். தாய்மார்கள் இந்தத் தந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்!

முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குக் கோட்டயம் மாவட்டம் தெக்கும்தலையில் கே.ஆர். நாராயணன் பெயரிலுள்ள அரசுத் திரைப்பட நிறுவனம் இருக்கிறது. சென்னைத் தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலுள்ள அரசு நிறுவனம், புனேயில் மத்திய அரசின் நிறுவனம். மூன்றிலும் போட்டி கடுமை. கிடைக்காதவர்கள் மனமொடிய வேண்டாம், உலக சினிமா பார்க்க ஒவ்வொரு டிசம்பரும் திருவனந்தபுரத்தில் திரைப்பட விழா நடக்கிறது.

இப்போதைக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று. உங்கள் தாத்தாவோ பாட்டியோ கொச்சிக்கு வந்த முதல் நாளைப் பற்றிக் கேளுங்கள். ரயிலா, பஸ்ஸா, கையில் என்ன கொண்டுவந்தார்கள், முதலில் யாரிடம் பேசினார்கள், என்ன புரியவில்லை. போனில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள், "அது அப்படியில்லை பாட்டி" என்று அப்பா குறுக்கிட்டால் அவரை வெளியே அனுப்பிவிடுங்கள். கேட்டு முடித்த பிறகு அதில் வந்த ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு மூன்று பக்கக் காட்சி எழுதுங்கள். சாப்பாவைத் துறைமுக வாசலில் கண்ணால் கண்டவர்கள் இன்று எத்தனை பேர் மிச்சம்? அதனால் இதை அடுத்த லீவுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

தோபிக்கானாவுக்கோ பஜார் ரோட்டுக் கிடங்குகளுக்கோ போகிறவர்கள் கேமராவை வெளியே எடுக்காமல் இரண்டு மூன்று நாள் சும்மா போய் வாருங்கள். அங்கே வேலை செய்கிறவர்களைச் சுற்றுலாக்காரர்கள் தினமும் படமெடுக்கிறார்கள், பெயரைக் கேட்டவர்கள் குறைவு. அண்ணா, மாமா, அக்கா என்று முறை சொல்லிப் பேசுங்கள். எந்த ஊர்ப் பூர்வீகம் என்று அவர்களே உங்களை விசாரிப்பார்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.